அவள் அளவில் ஒரு பல்செட்

தையல்காரர் வாய்க்குள் வைத்திருந்தது அவருடைய பல்செட் அல்ல. செத்துப்போன மனைவியுடையது. இது அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். இன்று தாடையை ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள். இனி இன்னும் எத்தனை பேருக்குத் தெரியவருமோ என்ற பயத்தோடு குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

கீழ்வரிசை மட்டும்தான் அவளுடையது. மேல்வரிசை அவருடையதே. அது அண்ணத்தில் அப்பிக்கொண்டு சொன்ன பேச்சைக் கேட்கும். வம்பெல்லாம் கீழேதான். தினமும் காலையில் அதன் உள்பள்ளத்தில் ஒட்டுகிற பேஸ்டைத் தாராளமாகப் பிதுக்கி, இரண்டு ஓரத்திலும் பஞ்சைச் சுருட்டி வைத்து, ஈறின்மேல் பொருத்திக் கட்டைவிரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பார். அப்படியும் மதியத்துக்குள் ஒரு பக்கம் கிளம்பிவிடும். ஈறெல்லாம் புண். ஒன்று ஆறினால் அடுத்தது எட்டிப் பார்க்கும். கெட்டியாக எதையும் கடித்துப் பல மாதமாகிறது. ஆள் பாதியாகிவிட்டார். சட்டைக் காலர் கழுத்தைத் தொடாமல் வளையம்போல நின்றது. ஒரு தையல்காரரின் காலர் அப்படி நிற்பது பார்த்தவர் சிரிக்கிற விஷயம். அதைப் பிரித்துத் தைத்துக்கொள்ளவும் அவருக்கு மனமில்லை.

"அப்பா! உள்ளேயே குடித்தனம் வச்சிட்டீங்களா?" மகள் கதவைத் தட்டினாள்.

"வரேன் பாப்பா."

"பொண்ணு பார்க்கப் போற மாப்பிள்ளைகூட இவ்வளவு நேரம் கண்ணாடி பார்க்கமாட்டான். டாக்டர் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கமாட்டாங்க."

பாப்பாவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவருக்கு அவள் பாப்பாதான்.

அவரும் மனைவியும் சேர்ந்து ஒரு தையற்கடை வைத்திருந்தார்கள். அவர் அளவெடுத்து வெட்டுவார், அவள் தைப்பாள். கீழ்ப்பற்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கொட்டின. "ஜோடிப் பொருத்தம்னா இதுல்ல" என்று அவள் பொக்கை வாயோடு சிரித்தாள். ஒரே டாக்டரிடம் இருவரும் செட் கட்டிக்கொண்டார்கள். கத்திரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தாலும் நூலைப் பல்லால்தான் கடிப்பாள். செட் கட்டிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. முன்பல் ஒன்றில் நூல் அறுத்து அறுத்துச் சின்னதாக ஒரு வெட்டு விழுந்துவிட்டது. "சொந்தப் பல்லை முழுங்கின, இப்ப வாங்கின பல்லையும் முழுங்கு" என்று அவர் திட்டினால், "பல்லு போனா வேற பல்லு கட்டலாம். கத்திரிக்கோலை எடுத்து நீங்க எங்கேயாவது வச்சீங்கன்னா யாரு தேடுறது?" என்பாள்.

கடைசி வாரங்களில் அவள் கட்டிலோடு இருந்தாள். பல்செட் வேண்டாம் என்றாள். அதைக் கழுவி ஒரு டப்பாவில் போட்டுக் குளியலறை அலமாரியில் வைத்திருந்தார். ஒரு விடியற்காலை, அவள் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி, தாடை வலித்ததென்று தன் கீழ்வரிசையைக் கழற்றிக் கட்டிலருகே இருந்த தண்ணீர் டம்ளரில் போட்டார். கண் அசந்துவிட்டது. விழித்தபோது அவள் போயிருந்தாள்.

மகள் அப்போது வேறு ஊரில் வேலையில் இருந்தாள். "அடுத்த வாரம் வரேம்மா, அடுத்த வாரம் கண்டிப்பா" என்று போனில் சொல்லிச் சொல்லியே காலம் ஓடிவிட்டது. ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்து இறங்கியபோது அம்மா போய்ச் சிறிது நேரம்தான் ஆகியிருந்தது. அவள் அழவில்லை. அம்மாவின் குழிந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். தையல்காரர் முன்னறையில் வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். திரும்பி உள்ளே வந்தபோது மனைவியின் முகம் நிறைந்திருந்தது. உயிரோடு இருந்தபோது இருந்ததைவிடவும் கொஞ்சம் கூடவே நிறைந்திருந்தது. மகள் இரண்டு கையாலும் அம்மாவின் தாடையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் டம்ளரில் வெறும் தண்ணீர்.

"அம்மா அப்படி வெறும் வாயோட போகக்கூடாதுப்பா. நல்லா இருக்கா?" என்று கேட்டாள். கேட்டபோதுதான் அவள் குரல் உடைந்தது.

வாயைக் கையால் மூடிக்கொண்டு அவர் சொன்னார், "நல்லா இருக்கு பாப்பா."

பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டப்பாவைத் திறந்தார். வெளியே ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மனைவியின் பல்வரிசையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். பார்த்தவர்களெல்லாம், "தூங்குற மாதிரியே இருக்காங்க, லேசா சிரிக்கிற மாதிரியும் இருக்கு" என்றார்கள். மகள் தலையை ஆட்டினாள். சாயங்காலத்துக்குள் அவருடைய பற்கள் மனைவியோடு போய்விட்டன.

பழைய செட் தொலைந்துவிட்டதென்று ஒரு பொய்யைச் சொல்லிப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கலாம். அதை அவரும் யோசிக்காமல் இல்லை. முதல் சில நாட்கள் மகள் கண்ணில் படக்கூடாதென்றுதான் போட்டுக்கொண்டார். அப்புறம் ஒரு மத்தியானம் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது நாக்கு தானாகப் போய் அந்த வெட்டைத் தொட்டது. தொட்டபடியே வெகுநேரம் இருந்தார். அன்றைக்குப் பிறகு கழற்ற முடியவில்லை. வலித்தது. வலி ஒரு துணைபோல இருந்தது. இதை யாரிடம் சொல்ல முடியும்?

மகள் இந்த ஊருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து அவரோடு தங்கிவிட்டாள். யார் துக்கம் விசாரித்தாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: "கடைசி நேரத்துல நான் பக்கத்துல இல்ல. ஆனா அம்மா முகத்தை நான்தான் சரி பண்ணி அனுப்பினேன்." அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்து போகும். அவர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். மற்றபடி அப்பாவுக்குக் கவலையில் தாடை இளைத்துவிட்டது, அதனால்தான் பல்செட் ஆடுகிறது என்று அவளே ஒரு முடிவுக்கு வந்து, புதிதாக ஒரு பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் கண்டிப்பும் கனிவும் சரிபாதியாகக் கலந்த பெண்மணி. போன வாரம் வாயைப் பார்த்துவிட்டு, "பல்லு இல்லாத தாடையில எலும்பு வருஷா வருஷம் கரையும்யா. செட் பிடிச்சு நிக்க இடமில்லாமப் போயிடும். முன்பக்கம் ரெண்டு இம்ப்ளான்ட் வச்சா, சட்டைப் பட்டன் மாதிரி செட் அதுமேல 'டக்'குனு மாட்டிக்கும்" என்றார்.

பட்டன் என்றதும் அவருக்குப் புரிந்தது. "எலும்புல ஆணி அடிப்பீங்களா?"

"ஆணி இல்ல, திருகு. எங்க வேணும்னாலும் திருக முடியாது. கீழ்த்தாடைக்குள்ள ரெண்டு பக்கமும் ஒரு நரம்பு குகைக்குள்ள போற மாதிரி போகுது. அதைத் தொட்டுட்டா உதடு மரத்துப்போகும். சாதாரண எக்ஸ்ரே தட்டையா காட்டும், எலும்பு எவ்வளவு அகலம்னு சொல்லாது. ஸ்கேன் எடுத்தா எந்த இடத்துல, எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வுன்னு எல்லாத்தையும் முன்னாடியே கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்துடலாம்."

"வெட்டறதுக்கு முன்னாடி சாக்பீஸால கோடு போடற மாதிரி."

"அதேதான். நீங்க எனக்கு அசிஸ்டென்டா வந்துடுங்க."

மகள் சிரித்தாள். அவரும் சிரித்தார். "ஸ்கேன் எடுக்கறப்போ உங்க பல்செட்டும் வாயில இருக்கணும்" என்று டாக்டர் அடுத்துச் சொன்னபோதுதான் அந்தச் சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது. போன வாரத்திலிருந்து தூக்கம் சரியாக இல்லை.

இன்று நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்ததும் டாக்டர் கீழ்வரிசையைக் கழற்றி வாங்கினார். பஞ்சும் பேஸ்டுமாக வந்தது. அவற்றைத் துடைத்தெடுத்துவிட்டுக் கழுவினார். அப்புறம் சின்ன டிரில் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"என்ன பண்றீங்க?" தையல்காரர் பாதி எழுந்துவிட்டார்.

"இது பிளாஸ்டிக். ஸ்கேன்ல சரியா தெரியாது. அங்கங்க சின்னதா குழி போட்டு, வெள்ளையா தெரியற மருந்தை அடைச்சுடுவேன். அந்தப் புள்ளிகளை வச்சு, வாயோட எடுத்த படத்தையும் செட்டைத் தனியா எடுக்கற படத்தையும் ஒண்ணுமேல ஒண்ணு பொருத்திப் பார்ப்போம்."

"குழி வேண்டாம்."

"அப்பா, அதுக்கு வலிக்காது. அது பல்லு இல்ல, பல்செட்டு" என்றாள் மகள்.

"தெரியும். குழி வேண்டாம்மா." கீழ்ப்பல் இல்லாத வாயிலிருந்து வார்த்தைகள் காற்றாக வந்தன. செட்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார்.

டாக்டர் அவரை ஒரு நொடி பார்த்தார். "சரி, விடுங்க. மேல ஒட்டிக்கலாம். கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான்." டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, வெளிப்பக்கம் மிளகு அளவில் புள்ளி புள்ளியாக எதையோ ஒட்டி, நீலவெளிச்சம் காட்டி இறுக்கினார். தையல்காரர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி பிடிக்கத் தெரிந்த கை என்று தோன்றியது. திரும்பி வாங்கிப் போட்டுக்கொண்டபோது புள்ளிகள் உதட்டில் உறுத்தின.

ஸ்கேன் அறை அலமாரி அளவுக்குத்தான் இருந்தது. படம் எடுக்கும் பெண் சின்னவள், வாயாடி.

"தாத்தா, செயின், மோதிரம், கண்ணாடி, மேல் பல்செட்டுல கம்பி கிம்பி இருந்தா சொல்லுங்க. எல்லாத்தையும் கழட்டிடணும்." பேசிக்கொண்டே அவர் சட்டையைத் தடவிப் பார்த்தவள், காலரின் அடியில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள். "ஊசியோட வந்திருக்கீங்களே! நீங்க டாக்டருக்குப் போடப்போறீங்களா?"

"தொழில்மா. சட்டையோட ஒட்டிப்போச்சு."

"எங்க அப்பாவைத் தூக்கத்துல எழுப்பினாகூட ஊசி இருக்கும்" என்றாள் வாசலில் நின்ற மகள்.

தாடையை ஒரு சின்னப் பலகையில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையால் நிறுத்தினாள் அந்தப் பெண். "நல்லா கடிச்சுக்கோங்க. எச்சில் முழுங்கக்கூடாது. நாக்கு அசையக்கூடாது. மெஷின் உங்களைச் சுத்தி வரும், நீங்க சிலை மாதிரி இருக்கணும்." மகளையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

இயந்திரத்தின் கை முனகிக்கொண்டு அவர் தலையைச் சுற்ற ஆரம்பித்தது. நாக்கு எங்கே இருந்ததோ அங்கேயே நின்றது. அந்த வெட்டின்மேல். அறையில் அந்த முனகலைத் தவிர வேறு ஒலியில்லை. இவ்வளவு நாளும் அவள் இருந்தது அவர் வாய்க்குள் மட்டும்தான். பேசினாலும் பேசாமலிருந்தாலும் அங்கே இருந்தாள். இப்போது ஒரு இயந்திரம் அந்த இருட்டுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவருக்குக் கோபம் வரவில்லை. பயம்கூட அந்த நேரத்தில் அடங்கிவிட்டது. அவள் நூலைக் கடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பார்வை வந்தது. கை சுற்றி முடித்து நின்றது.

"முடிஞ்சது. இப்ப கீழ்செட்டைக் குடுங்க, அதை மட்டும் தனியா எடுக்கணும்."

கழற்றிக் கொடுத்தார். அவள் அதை ஒரு ஸ்பாஞ்சுத் துண்டின்மேல் வைத்து, அவர் தாடை இருந்த இடத்தில் நிறுத்தினாள். வெளியே பெஞ்சில் மகளின் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தால், ஆளில்லாத இடத்தில் ஒரு வரிசைப் பற்கள் மட்டும் ஸ்பாஞ்சில் உட்கார்ந்திருக்க, இயந்திரம் அதைச் சுற்றி வந்தது.

"கையை எடுங்கப்பா, நான்தானே" என்றாள் மகள். அவர் கையை இறக்கினார். அவள் அந்தக் குழிந்த முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் திரும்பினாள். அப்புறம் படம் எடுக்கும் பெண்ணிடம் மெதுவான குரலில் பேச ஆரம்பித்தாள். "எங்க அம்மாவும் கடைசில இப்படித்தான் இருந்தாங்க. நான் வந்து சேர்றதுக்குள்ள போயிட்டாங்க. உயிரோட இருந்தப்போ ஒரு வாய் தண்ணி நான் குடுத்ததில்ல. ஆனா அவங்க பல்லை எடுத்து நான்தான் போட்டுவிட்டேன். முதல்ல உள்ள போகவே இல்ல, தெரியுமா? ரொம்ப நேரம் கெஞ்சிக் கெஞ்சி… அப்புறம் போச்சு. போனதும் எங்க அம்மா திரும்பி வந்துட்டாங்க. எல்லாரும் சொன்னாங்க, சிரிக்கிற மாதிரி இருக்குன்னு."

அந்தப் பெண் "ம்" என்றாள். 

உள்ளே போகவே இல்லை என்பதை அவர் இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறார். எப்படிப் போகும்? பெரிய அளவுக்குத் தைத்தது சின்ன உடம்பில் உட்காராது. அவள் கெஞ்சியிருக்கிறாள். செத்துப்போன தாயிடம் வாயைத் திற என்று கெஞ்சியிருக்கிறாள். பெஞ்சின் விளிம்பை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரின் அறையில் பெரிய திரை ஒன்று இருந்தது. அதில் அவருடைய தாடை சாம்பல் நிறத்தில் மிதந்தது. டாக்டர் அதைச் சுண்டுவிரல் அசைவில் திருப்பினார், குறுக்கே நறுக்கினார். ஒவ்வொரு துண்டாகக் காட்டினார். நரம்பு ஓடும் குகையைக் கணினியில் ஆரஞ்சு நிறத்தில் வரைந்திருந்தார்கள். அது பக்கவாட்டில் ஓடிவந்து, முன்பக்கம் ஒரு துளை வழியாக வெளியே வந்தது.

"இந்தத் துளைக்கு முன்னாடி, இந்த ரெண்டு இடம். பாருங்க, எலும்பு உயரமும் இருக்கு, அகலமும் இருக்கு. இந்த வயசுல இவ்வளவு நல்ல தாடையை நான் எதிர்பார்க்கல."

"பார்த்தீங்களா அப்பா!" மகள் அவர் தோளைத் தட்டினாள். "நான்தான் சொன்னேன்ல, ஒண்ணும் ஆகாதுன்னு."

"இப்ப செட்டை இதுமேல வைக்கலாம்" என்றார் டாக்டர்.

கறுப்புத் திரையில் பல்வரிசை தனியாக வந்தது. வெள்ளையாக, எதன்மேலும் உட்காராமல், மெல்லத் திரும்பியது. தையல்காரர் கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். பக்கத்திலிருந்து, பின்னாலிருந்து, அடியிலிருந்து. அவர் அதை இவ்வளவு முழுசாக ஒருநாளும் பார்த்ததில்லை. முன்பல்லில் அந்த வெட்டு துல்லியமாகத் தெரிந்தது.

டாக்டர் புள்ளிகளைப் பொருத்தினார். பல்வரிசை தாடையின்மேல் வந்து உட்கார்ந்தது. சரியாக உட்காரவில்லை. பல்செட்டின் பின்பக்க ஓரங்கள் இரண்டும் எலும்பின் மேட்டைவிட்டு உள்ளே நாக்குப் பக்கம் இறங்கிக் கிடந்தன. ஈறுக்கும் செட்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு இடைவெளி நெடுக ஓடியது. அவர் தினமும் பேஸ்டும் பஞ்சும் போட்டு நிரப்பிய இடைவெளி.

டாக்டர் புள்ளிகளைத் திரும்பப் பொருத்திப் பார்த்தார். அதேதான் வந்தது. திரையைப் பார்த்தபடி யோசித்தார்.

"ஐயா, எலும்பு கரைஞ்சதாலதான் லூசாச்சுன்னு நான் நினைச்சேன். ஆனா கரைஞ்சிருந்தா தாடை சின்னதாகி, செட் பெரிசா தெரியணும். இங்க தலைகீழா இருக்கு. தாடை பெரிசு, செட்டு சின்னது. வயசான காலத்துல தாடை வளராதே."

டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

"இது உங்களுக்கு அளவெடுத்துக் கட்டினதுதானா?"

மகள் அவர் பக்கம் திரும்பினாள். "ஆமா டாக்டர், அம்மாவும் அப்பாவும் ஒண்ணாத்தான் கட்டினாங்க. ஒரே இடத்துலதான்." சொல்லிவிட்டு அவளே திரையைப் பார்த்தாள். கழுத்தை நீட்டி இன்னும் கிட்டே போய்ப் பார்த்தாள். வெட்டு விழுந்த அந்தப் பல்லின்மேல் அவள் பார்வை நின்றது.

தையல்காரர் அவளையே பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை போதும். பாரம் இறங்கிவிடும். அந்தப் பல்லைக் கழுவித் துடைத்து, பாப்பா, இது உங்கம்மாவோடது என்று அவள் கையிலேயே கொடுத்துவிடலாம். இரண்டு பேரும் சேர்ந்து அழலாம். ஆனால் அதற்கப்புறம்? அந்தக் காலை திரும்ப வரும். உள்ளே போகாத பல்லை அவள் தன் கையால் நெருக்கித் தள்ளியது வரும். எல்லோரும் சிரிப்பு என்று சொன்னது சிரிப்பல்ல, அளவு தப்பிய பல்வரிசை இழுத்துப் பிடித்த உதடு என்பது வரும். வாழ்நாள் முழுக்க வரும். அவளுக்கு அம்மாவிடமிருந்து கிடைத்தது அந்த ஒரு காலைதான். மற்ற வருஷங்களெல்லாம் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று போய்விட்டன. பல்லில் வெட்டு விழுந்தது அந்த வருஷங்களில்தான். அவள் அதைப் பார்த்ததே இல்லை.

அவர் திரையைப் பார்க்காமல் சொன்னார்:

"இல்ல. இது வேற."

"வேறயா?"

"பழசு தொலைஞ்சு போச்சு பாப்பா. அம்மா போன கலவரத்துல எங்கேயோ விழுந்துடுச்சு. கடைத்தெருவுல பல்செட் கட்டறவர் ஒருத்தர் இருந்தாரே, அவர்கிட்ட ஒண்ணு கிடந்துச்சு. போட்டுப் பார்த்தேன். ஏதோ நின்னுச்சு. வாங்கிட்டேன்."

கீழ்ப்பல் இல்லாத வாயில் பொய்யும் குழறித்தான் வந்தது. மகளுக்குப் புரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் முகம் சிவந்தது.

"இன்னொருத்தன் போட்ட பல்லா?"



"தேய்மானத்தைப் பார்த்தா யாரோ பல வருஷம் போட்டதுதான்" என்றார் டாக்டர் தயக்கத்தோடு. "முன்பல்லுல வெட்டுகூட விழுந்திருக்கு."

"எந்த ஆசாரி ஆணியைக் கடிச்சு வச்சிருந்தானோ!" மகள் எழுந்து நின்றுவிட்டாள். "சீ! ஏம்பா, உங்களுக்கு என்ன கேடு? ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தச்ச மனுஷன், தன் வாய்க்கு ரெடிமேடு வாங்கியிருக்கீங்களே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் எதுக்கு வேலையை மாத்திக்கிட்டு வந்து உட்கார்ந்திருக்கேன்? யார் எச்சிலோ, எந்த வியாதிக்காரனோ… நினைச்சாலே குமட்டுது."

அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். குமட்டுது என்ற சொல் மட்டும் எங்கோ போய்க் குத்தி நின்றது. சொன்னவள் பேரில் தப்பில்லை. அவள் யாரைச் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது. தெரியக்கூடாதென்றுதான் இவ்வளவும்.

"விடுங்கம்மா" என்றார் டாக்டர். "துக்கத்துல இருக்கறவங்க எதையாவது பண்ணுவாங்க. தாடை நல்லா இருக்கு, அதுதான் முக்கியம். ஆனா இந்தச் செட்டை வச்சு நான் பிளான் போட முடியாது. பல்லு எங்க வரணுமோ அதைப் பார்த்துத்தான் திருகு எங்கன்னு முடிவு பண்ணணும். இவருக்கே அளவெடுத்துப் புதுசா ஒண்ணு கட்டி, அதைப் போட்டுக்கிட்டு மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்துடலாம். இன்னைக்கே அளவெடுத்துடறேன்."

"எடுங்க டாக்டர். இந்தக் கண்றாவியைத் தூக்கிப் போடுங்க."

கீழ்வரிசை மேசையில் ஒரு தட்டில் ஈரத்தோடு இருந்தது. டாக்டர் கையுறை போட்ட விரலால் அதை எடுத்தார். குப்பைத் தொட்டியின் மூடியைக் காலால் மிதித்துத் திறந்தார். அப்புறம், ஏனோ போடாமல், தையல்காரரைப் பார்த்தார். குழி வேண்டாம் என்று எழுந்த ஆளை அவர் மறந்திருக்கமாட்டார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களாய்யா?"

"எதுக்கு? கண்ணாடிப் பெட்டியில வச்சுக் காட்சிக்கு வைக்கவா?" என்றாள் மகள்.

அவர் வாயைத் திறந்தார். இருக்கட்டும் என்று ஒரு சொல் தொண்டைவரை வந்துவிட்டது. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் தணிந்து, அந்தக் கண்ணில் ஒரு கேள்வி எழும்புவதற்கு முன்னாலான வெறுமை இருந்தது. ஊர்பேர் தெரியாத ஒருவனின் பல்லை எவனாவது வீட்டுக்குக் கொண்டுபோவானா? கொண்டுபோனால் ஏன் என்று கேட்பாள். ஒருமுறை கேட்டுவிட்டால் விடமாட்டாள், அவளும் அவர் மனைவி பெற்றவள்தான்.

"வேண்டாம்" என்றார்.

டாக்டர் இன்னும் ஒரு கணம் காத்திருந்தார். பிறகு விரலை விட்டார். சத்தமே வரவில்லை. அடியில் பஞ்சு கிடந்திருக்கும். மூடி தானாக இறங்கிச் சாத்திக்கொண்டது.

அவரை மறுபடி நாற்காலியில் சாய்த்தார்கள். உதவிக்கு இருந்தவர் ஒரு கிண்ணத்தில் இளஞ்சிவப்புப் பொடியில் தண்ணீர் விட்டு வேகவேகமாகக் குழைத்தார். டாக்டர் அந்த மாவைக் குதிரைலாடம் போன்ற தட்டில் நிரப்பி, "பெரிசா திறங்க, நாக்கைத் தூக்குங்க" என்று சொல்லி, கீழ்த்தாடையில் வைத்து அழுத்தினார். குளிர்ந்த மாவு புண்ணெல்லாம் பரவி, மேட்டிலும் பள்ளத்திலும் இறங்கி, இத்தனை நாளும் பஞ்சு இருந்த இடத்தையெல்லாம் ஒன்று விடாமல் நிறைத்தது. வாய்க்குள் இடம் என்று எதுவும் மிச்சமில்லை. நாக்கு போய்த் தொட ஒன்றுமில்லை.

"மூக்கால மூச்சு விடுங்க. இறுகற வரைக்கும் அசையாதீங்க."

கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுப்பக்கம் ஓடியது. முதலில் ஒரு கண்ணில், பிறகு இரண்டிலும்.

"குமட்டற மாதிரி இருந்தா அப்படித்தான் கண்ணுல தண்ணி வரும், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். ஆனால் அவர் அதை மகளைப் பார்த்துத்தான் சொன்னார்.

மகள் கைக்குட்டையை எடுத்து அவர் காதோரம் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. அவள் குரல் இறங்கியிருந்தது.

"கோபத்துல கண்டபடி பேசிட்டேன்ப்பா. மனசுல வச்சுக்காதீங்க. நான் ஒருத்தி இருக்கேன்ல? இனிமே எதையும் மறைக்காதீங்க, சரியா?"

தாடையில் மாவு இறுகிக்கொண்டிருந்தது. தலையை ஆட்டக்கூட அனுமதியில்லை. அவர் அசையாமல் படுத்திருந்தார்.